இரண்டாவது கையெழுத்து

அரசுக் கொள்முதல் கோப்புகளில் புழங்கியவர்கள் எதைப் பிரித்தாலும் முதலில் கையெழுத்துகளைத்தான் பார்ப்பார்கள்: ஒருவருடையது மட்டும்தானா, சரிபார்த்த இன்னொருவருடையதும் இருக்கிறதா என்று. தொகையெல்லாம் அப்புறம். அல்ஃபிரெட்ஸ் வால்ட்மானிஸின் உத்தியோக வாழ்க்கையையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றுகிறது.

1938-இல், 29 வயதில் பால்டிக் கடலோர நாடான லாட்வியாவின் நிதியமைச்சர். பிரதமர் உல்மானிஸ் நாடாளுமன்றத்தை முடக்கி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அமைச்சர் பதில் சொல்ல வேண்டியது அந்த ஒருவருக்கே. 1940-இல் சோவியத் படை வந்தது, 1941-இல் ஜெர்மன் படை. அந்த ஆண்டின் நவம்பர் 30, டிசம்பர் 8 ஆகிய இரண்டே நாள்களில் தலைநகர் ரீகாவை ஒட்டிய ரும்புலா காட்டில் ஏறத்தாழ 25,000 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதற்குப் பிறகும், ஜெர்மானியர் வைத்த உள்ளூர் நிர்வாகத்தில் நீதித்துறைத் தலைமை இயக்குநராக வால்ட்மானிஸ் இருந்தார். 1942 நவம்பரில் ஒரு மனு எழுதினார்: ஸ்லோவாக்கியாவுக்குக் கொடுத்ததுபோல் எங்களுக்கும் தன்னாட்சி கொடுங்கள், பதிலுக்குப் படை தருகிறோம். 1943 பிப்ரவரியில், லாட்வியர்களைச் சேர்த்து எஸ்.எஸ். (நாஜிகளின் ஆயுதப் படை) பிரிவு ஒன்றை அமைக்க ஹிட்லர் உத்தரவிட்டார். ஆள் போனது, தன்னாட்சி வரவில்லை. வால்ட்மானிஸையும் ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் எதையும் வாங்காமல் பேரம் பேசினால் வேறென்ன கிடைக்கும்?

போருக்குப் பின் ஜெர்மனியின் அகதி முகாம்களில் இருந்த லாட்வியர்களில் பலர், மரம் வெட்டவும் சுரங்கத்துக்கும் வீட்டு வேலைக்கும் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துத்தான் கனடாவுக்குக் கப்பலேறினார்கள். 1948-இல் வந்த வால்ட்மானிஸுக்கு வாய்த்தது வேறு. கனடாவோடு புதிதாக இணைந்திருந்த நியூஃபவுண்ட்லாந்து மாகாணத்தின் முதல்வர் ஜோயி ஸ்மால்வுட், 1950-இல் அவரைப் பொருளாதார வளர்ச்சித் தலைமை இயக்குநர் ஆக்கினார். தொடக்கச் சம்பளம் ஆண்டுக்கு 10,000 டாலர்.

கோளாறு இங்கேதான். ஜெர்மன் நிறுவனங்களைத் தேடிப் பிடிப்பது, விலை பேசுவது, முதல்வரிடம் சிபாரிசு செய்வது, எல்லாம் ஒரே ஆள். அந்த மாகாணத்தின் கார்னர் புரூக் ஊரில் சிமென்ட் ஆலை, ஜிப்சம் ஆலை என வரிசையாக எழும்பின. இயந்திரம் விற்றவர்களிடம் அவர் பத்து சதவீதம் கேட்டார். ஸ்மால்வுட்டின் கட்சி நிதிக்கு என்று சொல்லி.

இப்படிப்பட்ட கமிஷன் கணக்குப் புத்தகத்தில் சிக்காது. விற்பவர் அதை விலையிலேயே ஏற்றிவிடுவார். ஒப்பந்தம், பில், பணம் கொடுத்த ரசீது மூன்றும் காசு பிசகாமல் ஒத்துப்போகும். திருப்பிக் கொடுக்கும் பணம் வேறு ஊர் வங்கிக்குப் போய்விடும். அதே இயந்திரத்துக்கு இன்னொரு கம்பெனியின் விலைப்புள்ளி, சம்பந்தமில்லாத பொறியாளரின் மதிப்பீடு, இந்த இரண்டு தாள்கள் கோப்பில் இருந்தால்தான் வித்தியாசம் கண்ணில் படும். அவசரம் என்று முதலில் விட்டுவிடுவதும் இந்த இரண்டைத்தான்.

1954 பிப்ரவரியில் பதவி விலகினார். ஏப்ரலில் கைது, விவகாரத்தைக் காவல்துறையிடம் கொண்டுபோனவர் ஸ்மால்வுட்டே. மோசடிக் குற்றச்சாட்டு ஒன்றை வால்ட்மானிஸ் ஒப்புக்கொண்டார், நான்கு ஆண்டு தண்டனை. 1970-இல் ஆல்பர்ட்டாவில் கார் விபத்தில் இறந்தார். அத்தனை அதிகாரத்தையும் ஒரே ஆளிடம் கொடுத்த ஸ்மால்வுட் 1972 வரை முதல்வராகவே இருந்தார்.