சம்பந்தி வீட்டுப் பாட்டனாரின் பட்டா

நில அளவைத் துறையில் ஓய்வு பெற்று, அமெரிக்காவின் ஒமாஹாவில் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் வந்தவனுக்குப் பொழுது போக வேண்டுமே. மருமகனின் எள்ளுத்தாத்தா ஜெர்மனியிலிருந்து வந்து நெப்ராஸ்கா புல்வெளியில் குடியேறியவர். “அஞ்சு வருஷம், ஒருநாள்கூட நிலத்தை விட்டு நகரலை” என்பது சம்பந்தி அம்மா சொல்லும் கதை. சரி, காகிதம் என்ன சொல்கிறது என்று பார்ப்போமே என்று இறங்கினேன்.

1862-இல் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஒரு குடும்பத்துக்கு அரசு நிலம் 160 ஏக்கர் வரை. விலை கிடையாது, கட்டணங்கள் சேர்த்து 18 டாலர். ஐந்து வருஷம் குடியிருந்து, உழுது, இரண்டு சாட்சிகளோடு நிரூபித்தால் பட்டா. அந்தப் பட்டாக்களை மத்திய அரசின் இணையதளத்தில் பெயர் போட்டு இலவசமாகத் தேடலாம். முதல் வாரம் ஒன்றும் சிக்கவில்லை. பெயரில் ஓர் எழுத்தை விட்டுத் தேடியதும் ஆள் கிடைத்தார். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார், நம்மூர் மாதிரியே.

பட்டாவில் இருந்த இடம்: 14-ஆம் செக்‌ஷன், தென்மேற்குக் கால் பாகம். இங்கேதான் என் மானம் போனது. ஒரு டவுன்ஷிப் ஆறு மைலுக்கு ஆறு மைல்; அதில் 36 கட்டம், கட்டத்துக்கு 640 ஏக்கர்; ஒவ்வொரு கட்டமும் ஒரு செக்‌ஷன். நான் வரிசைக்கு வரிசை இடமிருந்து வலமாக எண்ணினேன். இவர்களோ வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்புகிறார்கள். ஏர் மாடு சால் முனையில் திரும்புமே, அப்படி. முப்பது வருஷம் எஃப்.எம்.பி. என்னும் நில அளவைப் புத்தகம் பார்த்தவன், மூன்று மைல் தள்ளி யாருடைய மக்காச்சோளக் காட்டையோ இரண்டு நாள் ஆராய்ந்துகொண்டிருந்தேன்!

அப்புறம் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து பாட்டனாரின் நிலக் கோப்பின் நகல் வந்தது. வீடு: 14-க்கு 16 அடி, ஒரு கதவு, ஒரு ஜன்னல். மரம் இல்லாத பூமி, அதனால் புல்லை வேரோடு கட்டிகட்டியாக வெட்டி அடுக்கிய மண்வீடு. மனைவி, நான்கு பிள்ளைகள். கராஜ் தரையில் சுண்ணக்கட்டியால் அந்த அளவைக் கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு கார் நிற்கும் இடம் போக இரண்டு கட்டில் போடலாம். அடுப்பு எங்கே வைப்பது என்று மகளும் நானும் கால் மணி நேரம் பேசினோம். கதவுப் பக்கம் வைத்தால் குளிர் காய முடியாது, உள்ளே தள்ளினால் பிள்ளைகள் படுக்க இடமில்லை.

கோப்பின் நான்காம் பக்கத்தில் கதை மாறுகிறது. 1874 கோடையில் வெட்டுக்கிளி மேகமாக இறங்கி விளைச்சலைத் தின்றுவிட்டது. அப்படி நொடித்தவர்கள் வெளியே போய்ப் பிழைக்கலாம், நில உரிமை போகாது என்று அந்த டிசம்பரில் தனிச் சட்டமே போட்டார்கள். நம்ம பாட்டனாரும் குடும்பத்தோடு 1875 ஜூன் வரை ஊரில் இல்லை.

சம்பந்தி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சனிக்கிழமை எல்லோரும் அந்த நிலத்தைப் பார்க்கப் போகிறோம்; காரில் பக்கத்து சீட் அவர்களுக்குத்தான்.