தேய்மானம் அல்ல, கட்டி

சென்ற ஆண்டின் பெரும்பகுதி என் வலது முட்டி என்னைச் சம்மணமிட்டு உட்கார விடவில்லை. நடப்பதிலோ படியேறுவதிலோ சிரமம் இல்லை. ஆனால் காலை முழுவதுமாக மடக்கும்போது, கடைசி நான்கு விரற்கடை இருக்கையில் உள்ளே யாரோ முட்டுக்கொடுத்தாற்போல் நின்றுவிடும். வெளியே வீக்கமும் இல்லை. எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், "வயசாகுதில்ல, தேய்மானம்தான்" என்று கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நாற்பதைத் தாண்டிய முட்டிக்கு நம் ஊரில் வேறு நோயே வராது போலும்.

எம்ஆர்ஐ எடுத்த பிறகே விஷயம் புரிந்தது. ஜவ்வு என்று நாம் பொதுவாகச் சொல்கிறோமே, அவற்றுள் மூட்டின் நடுவே குறுக்காகச் செல்லும் இரண்டில் பின்புறத்ததை ஒட்டி, திராட்சை அளவில் ஒரு கேங்லியான் கட்டி. மணிக்கட்டின் மேல் பலருக்கு உருண்டையாகப் புடைத்திருக்கும் அதே இனம்தான். உள்ளே இருப்பது தண்ணீர் அன்று. ஊறிய சப்ஜா விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பைப் போன்ற கெட்டியான கூழ். எலும்பைக் காட்டும் எக்ஸ்ரேயில் அது தெரியாது. இது புற்றுநோய் வகையைச் சேர்ந்ததன்று என்று அறிந்தபோதுதான் மூச்சு வந்தது.

முட்டிக்குப் பின்னால் குழியில் வரும் பேக்கர் கட்டியோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். 1877இல் வில்லியம் மோரன்ட் பேக்கர் விவரித்த அந்தக் கட்டி, மூட்டு நீர் பின்பக்கப் பையொன்றில் தேங்குவதால் உண்டாவது. மூட்டுவாதமோ குருத்தெலும்புக் கிழிசலோ பெரும்பாலும் அதற்குப் பின்னணியாக இருக்கும்.

என்னுடையதைவிடப் பொல்லாதது முட்டியின் வெளிப்புறத்தில், கெண்டைக்காலின் மெல்லிய எலும்பு மேலே இணையும் சிறு மூட்டில் தோன்றும் கேங்லியான். அந்த எலும்பின் கழுத்தைச் சுற்றி வரும் நரம்பை அது நெரித்தால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகலாம். நடக்கையில் செருப்பு தானாகக் கழன்று விழும். அத்தகைய நிலையில் தைலம் தேய்த்து நாளைக் கடத்துவது நரம்பையே இழக்கச் செய்துவிடலாம்.

ஊசியால் உறிஞ்சினால் மீண்டும் நிரம்பக்கூடும் என்பதால், எனக்குச் சிறு துளைகள் வழியாக ஆர்த்ராஸ்கோபி செய்து கட்டியை அகற்றினார்கள். ஐந்து மாதம் ஆகிறது. சம்மணமிட முடிகிறது, எழும்போது மட்டும் கை இன்னும் சுவரைத் தேடுகிறது. அது கட்டியின் மிச்சமன்று, ஓராண்டாக உழைக்காத தொடைத்தசையின் குறை என்கிறார் பிசியோதெரபிஸ்ட்.