ஓல்ட் டிராஃபோர்டில் ஃபூ ஃபைட்டர்ஸ்: டிரம்ஸைப் பின்தொடர்ந்த நாட்குறிப்பு

2 ஜூன் 2024, ஞாயிறு

'பட் ஹியர் வி ஆர்' இசைத்தொகுப்பு வெளிவந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அமெரிக்க ராக் குழுவான ஃபூ ஃபைட்டர்ஸ் இந்த மாதம் பிரிட்டன் முழுவதும் சுற்றி வாசிக்க இருக்கிறது: மான்செஸ்டரில் 13, 15 தேதிகளில் ஓல்ட் டிராஃபோர்ட் கிரிக்கெட் மைதானம், அதன் பிறகு கிளாஸ்கோ, லண்டன், கார்டிஃப், பர்மிங்காம். எங்களுக்கு 15ஆம் தேதிக்கு டிக்கெட் கிடைத்திருக்கிறது. டிரம்ஸ் பழகிவரும் என் சித்தப்பா மகனும் லீட்ஸிலிருந்து வருகிறான்.

மாலை முழுவதும் அந்தத் தொகுப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். குழுவின் டிரம்ஸ் கலைஞர் டெய்லர் ஹாக்கின்ஸ் 2022 மார்ச் 25 அன்று கொலம்பியாவின் போகோட்டா நகரில், அன்றிரவு மேடையேற வேண்டிய விழாவுக்குச் சில மணி நேரம் முன்பு, ஐம்பது வயதில் இறந்துபோனார். சுற்றுப்பயணம் முழுவதும் ரத்தானது; அந்தக் கோடையில் பிரிட்டனில் நடக்கவிருந்த நிகழ்ச்சிகளும் அதில் அடங்கும். அதே ஆண்டில், குழுவைத் தொடங்கிய பாடகர் டேவ் க்ரோலின் தாயார் வர்ஜீனியாவும் காலமானார். இரண்டு சாவுகளுக்குப் பின் வந்த தொகுப்பு இது. இதில் டிரம்ஸ் வாசித்திருப்பவர் க்ரோலே. இருபத்தைந்து ஆண்டுகள் ஹாக்கின்ஸ் உட்கார்ந்திருந்த இடத்தை ஒலிப்பதிவுக் கூடத்தில் வேறு யாருக்கும் கொடுக்காமல் தானே போய் உட்கார்ந்துகொண்டார் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால், பாடல்களின் சொற்களைவிட அந்த அடிகளே அதிகம் பேசுகின்றன. தாயாருக்காக எழுதிய 'த டீச்சர்' பத்து நிமிடம் நீள்கிறது. பள்ளி ஆசிரியையாக இருந்தவர் அவர். பாடலின் கடைசிப் பகுதியில் ஒலி சிதைந்து இரைச்சலாகிக்கொண்டே போய் நடுவில் அறுபடும் இடத்தை இன்றும் என்னால் இயல்பாகக் கடக்க முடியவில்லை.

9 ஜூன் 2024, ஞாயிறு

சித்தப்பா மகன் தொலைபேசியில் அழைத்தான். "அண்ணா, எந்தெந்தப் பாட்டைக் கேட்டுட்டு வரணும்?" என்று கேட்டான். எல்லாத் தொகுப்புகளையும் கேட்க நேரமில்லை என்றால் முதல் மூன்றையாவது கேட்டுவிடு, ஒவ்வொன்றிலும் டிரம்ஸ் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே கேள் என்று சொன்னேன். இந்தக் குழுவின் கதையை அந்த ஒரு நாற்காலியை வைத்தே சொல்லிவிடலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்.

1994 ஏப்ரலில் நிர்வாணா குழுவின் பாடகர் கர்ட் கோபெய்ன் இறந்தபோது அந்தக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் க்ரோல். பல மாதங்கள் எதையும் தொட மனமில்லாமல் இருந்த அவர், அந்த அக்டோபரில் சியாட்டில் அருகே ராபர்ட் லாங் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு வாரத்துக்குள் ஒரு முழுத் தொகுப்பைப் பதிவு செய்தார். கித்தார், பேஸ், டிரம்ஸ், குரல் எல்லாம் அவரே. ஒரே ஒரு பாடலில் மட்டும் இன்னொருவரின் கித்தார் சேர்ந்தது. கேசட்டுகளில் பிரதி எடுத்து நண்பர்களுக்குக் கொடுத்த அந்தப் பதிவுதான் 1995 ஜூலை 4 அன்று ஃபூ ஃபைட்டர்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது. தனியாள் ஒருவர் தன்னை ஒரு குழுவாகக் காட்டிக்கொள்ள வைத்த பெயர் அது.

நிர்வாணா வாசித்த முரட்டு ராக் வகையான கிரஞ்சுக்குப் பின் வந்தவர்கள் என்ற பொருளில், போஸ்ட்-கிரஞ்ச் என்று இவர்களை வகைப்படுத்துவது வழக்கம். கிரஞ்சின் முரட்டுத்தனத்தை மழித்து வானொலிக்கு ஏற்றபடி மெருகேற்றியவர்கள் என்ற குறைசொல்லும் தொனி அந்தப் பெயரோடு சேர்ந்தே வந்தது. இவர்களைப் பொறுத்தவரை அந்தக் குறை பொருந்தாது என்று நினைக்கிறேன். க்ரோலும், நிர்வாணாவின் கடைசிக் காலத்தில் மேடையில் உடன் வாசித்த, இக்குழுவின் கித்தார் கலைஞர் பேட் ஸ்மியரும் அந்த வீட்டுக்குள்ளிருந்தே வந்தவர்கள். மெட்டு இனிமையாக இருக்க வேண்டும் என்ற ஆசை க்ரோலுக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்தது; அதை மறைக்க அவர் என்றும் முயன்றதில்லை.

1997இல் வந்த இரண்டாம் தொகுப்பின் கதை எனக்கு எப்போதும் உறுத்தலானது. அப்போது குழுவின் டிரம்ஸ் கலைஞராக இருந்த வில்லியம் கோல்ட்ஸ்மித் வாசித்த பகுதிகளில் பெரும்பாலானவற்றை க்ரோல் தானே மறுபடி வாசித்துப் பதிவு செய்தார், கோல்ட்ஸ்மித் விலகினார். அந்தப் பாடல்கள் இன்று கேட்க எவ்வளவு நன்றாக இருந்தாலும், உழைத்துக் கொடுத்த ஒருவரின் கையை அழித்துவிட்டு அதன் மேல் எழுதியவை அவை. அடுத்து அந்த இடத்துக்கு, அலனிஸ் மோரிசெட்டின் சுற்றுப்பயணக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ஹாக்கின்ஸ் வந்தார். உலகத்திலேயே மிகவும் கவனிக்கப்படும் டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவர் முன்னால் நின்று பாட, அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பது எத்தனை பேரால் முடியும்? ஹாக்கின்ஸால் முடிந்தது. போட்டியாக இல்லாமல் நட்பாக அதை அவர் மாற்றிக்கொண்டார்.

13 ஜூன் 2024, வியாழன்

இன்று மான்செஸ்டரில் முதல் நாள் நிகழ்ச்சி நடக்கிறது. எந்த வரிசையில் வாசித்தார்கள் என்று இணையத்தில் பார்க்கப்போவதில்லை என்று தம்பியும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

15 ஜூன் 2024, சனி, நள்ளிரவு

டிராம் நிறுத்தத்தில் நீண்ட வரிசை. இப்போதுதான் வீடு வந்தோம். காது இன்னும் இரைகிறது. நாளை விரிவாக எழுதுகிறேன். 'அரோரா' வாசித்தார்கள்.

16 ஜூன் 2024, ஞாயிறு

கிரிக்கெட் மைதானத்தில் ராக் இசை கேட்பதில் ஒரு தனி உணர்வு உண்டு. ஜிம் லேக்கர் 1956இல் ஒரே டெஸ்டில் 19 விக்கெட் எடுத்த புல்வெளியின் மேல் பலகைகளைப் பரப்பி, அதன் மீது ஆயிரக்கணக்கானோர் நின்றுகொண்டிருந்தோம். தலைநரைத்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், பழைய சுற்றுப்பயணங்களின் பனியன் அணிந்தவர்கள் என்று எல்லா வயதினரும் இருந்தார்கள். ஜூன் மாதத்தில் இந்த ஊரில் இரவு ஒன்பதரை மணியைத் தாண்டித்தான் சூரியன் மறைகிறது என்பதால், மேடை விளக்குகளின் உதவியில்லாமலே பாதிக்கும் மேற்பட்ட நிகழ்ச்சி நடந்தது. பட்டப்பகலில் ராக் குழு ஒன்றுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. வாசிப்பு மட்டும்தான் மிஞ்சுகிறது.

ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் வாசித்தார்கள். 'ஆல் மை லைஃப்' பாடலின் தொடக்கத்தில் கித்தார் ஒரே சுரத்தை அடக்கி அடக்கித் தட்ட, அதன் மேல் க்ரோல் ஏறக்குறைய முணுமுணுப்பாகப் பாடுவார். பிறகு டிரம்ஸ் நுழையும் அந்த நொடியில் நின்ற இடத்திலேயே தரை அதிர்ந்ததை உள்ளங்காலில் உணர்ந்தேன். அந்த நொடி முதல் என் பார்வை, டிரம்ஸ் வாசித்த ஜாஷ் ஃப்ரீஸைவிட்டு அகலவில்லை.

ஃப்ரீஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹாக்கின்ஸ் பிறந்த அதே 1972இல் பிறந்தவர், அவருடைய நண்பர். டீவோ, நைன் இன்ச் நெய்ல்ஸ், எ பெர்ஃபெக்ட் சர்க்கிள் என்று பல குழுக்களிலும் எண்ணற்ற ஒலிப்பதிவுகளிலும் வாசித்துத் தேர்ந்த கை. 2022 செப்டம்பரில் லண்டன் வெம்ப்ளி அரங்கில் நடந்த ஹாக்கின்ஸ் நினைவு நிகழ்ச்சியில் வாசித்தவர்களில் ஒருவர். ஹாக்கின்ஸின் மகன் ஷேன், 'மை ஹீரோ' பாடலுக்கு டிரம்ஸில் அமர்ந்து அரங்கத்தையே அழவைத்த இரவு அது. 2023 மே மாதம் ஃப்ரீஸ் குழுவின் டிரம்ஸ் கலைஞராக அறிவிக்கப்பட்டார்.

ஹாக்கின்ஸின் வாசிப்பில் காலப்பிரமாணம் ஒரு நூலிழை முன்னே ஓடும். ஆர்வம் மேலிட்டு அவர் தள்ள, குழு முழுவதும் அவரைத் துரத்திப் பிடிக்கும். மேடையில் அவர்களுக்கு இருந்த வேகத்தின் ரகசியமே அதுதான். ஃப்ரீஸ் அப்படியில்லை. பாடல் பாதி கடந்ததும் தம்பி என் காதருகே குனிந்து, "அண்ணா, தாளம் ஓடவே மாட்டேங்குது பாத்தீங்களா?" என்றான். உண்மைதான். ஸ்னேர் என்ற டிரம்மின் அடி ஒவ்வொன்றும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. சிம்பல் என்ற உலோகத் தட்டை அடித்த கை அடுத்த நொடியே திரும்பி அதைப் பிடித்து ஒலியை நிறுத்தியது பெரிய திரையில் தெளிவாகத் தெரிந்தது. அதனால் பழைய பாடல்கள் சற்று அகலமாக, கனமாக ஒலித்தன. 'த பிரிடெண்டர்' இதனால் பெருமளவு மேம்பட்டது என்பேன். 'மங்கி ரெஞ்ச்' போன்ற பாடலில், விழுந்துவிடுவார்களோ என்று நெஞ்சு படபடக்க வைக்கும் அந்தப் பழைய ஆபத்து இல்லை. அதை நான் தேடினேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

உறுப்பினர்களை ஒவ்வொருவராக க்ரோல் அறிமுகம் செய்தபோது ஒவ்வொருவரும் வேறு குழுக்களின் பாடல்களிலிருந்து சில நொடிகள் வாசித்துக் காட்டினார்கள். ஃப்ரீஸின் முறை வந்தபோது கூட்டம் எழுப்பிய ஆரவாரம் விருந்தாளிக்குக் கொடுக்கும் மரியாதையாக இல்லை, வீட்டு ஆளை வரவேற்பதாக இருந்தது. அந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

'அரோரா' 1999இல் வந்த மூன்றாம் தொகுப்பில் உள்ள பாடல். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் க்ரோல் தன் வீட்டின் நிலவறையில் அமைத்த கூடத்தில் பதிவான அந்தத் தொகுப்பே ஹாக்கின்ஸ் இக்குழுவுடன் வாசித்த முதல் தொகுப்பு. இவர்களுடைய பாடல்களில் அவருக்கு மிகவும் விருப்பமானதும் இதுவே. நேற்று க்ரோல் அதை ஹாக்கின்ஸுக்குச் சமர்ப்பித்துவிட்டுத் தொடங்கினார். தொடக்கத்தில் கித்தார் ஒலி மெல்லியதாக மிதக்கும்; பாடல் முடிந்துவிட்டதாகத் தோன்றும் இடத்திலிருந்து வாத்தியங்கள் மட்டும் மீண்டும் ஏறத் தொடங்கும். அந்த ஏற்றத்தில் க்ரோல் மைக்கை விட்டு விலகி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி, டிரம்ஸை நோக்கி நின்றுகொண்டு வாசித்தார். டிரம்ஸ் கலைஞராக வாழ்ந்தவர் நண்பரின் பாட்டில் நண்பரின் இடத்தைப் பார்த்தபடி வாசிக்கிறார். அங்கே வேறொருவர் தன் முழுத் திறமையோடு உழைத்துக்கொண்டிருக்கிறார். அந்த இடத்தில் ஃப்ரீஸ் ஹாக்கின்ஸைப் போல வாசிக்க முயலவேயில்லை. தன் வழியில், நிதானமாகக் கட்டி உயர்த்தினார். இறந்தவரைப் போலி செய்யாமல் இருப்பதே அவருக்குச் செய்யும் பெரிய மரியாதை என்று எனக்குப் பட்டது.

'மை ஹீரோ' பல்லவியைக் கூட்டமே பாடியது. கடைசியாக, இருட்டிய பிறகு, 'எவர்லாங்'. அதில் ஹை-ஹேட் என்ற இரட்டைச் சிம்பலில் ஓயாமல் ஓடும் பதினாறாம் பங்கு அடிகள், அதாவது ஒரு தாள எண்ணிக்கைக்கு நான்காக விழும் அடிகள்தான் பாட்டின் மூச்சு. க்ரோல் தானே எழுதி, தானே வாசித்துப் பதிந்தவை. ஃப்ரீஸ் அவற்றை ஒன்றுகூடப் பிசகாமல் வாசித்தார். வீடு திரும்பும்வரை தம்பியின் விரல்கள் முழங்காலில் அதையே தட்டிக்கொண்டிருந்தன.

17 மே 2025, சனி

ஜாஷ் ஃப்ரீஸ் ஃபூ ஃபைட்டர்ஸிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறார். குழுவினர் தொலைபேசியில் அழைத்து, டிரம்ஸில் வேறு வழியில் போக முடிவு செய்திருப்பதாகச் சொன்னதாகவும், காரணம் எதுவும் சொல்லப்படவில்லை என்றும் அவரே தெரிவித்திருக்கிறார். நாற்பது ஆண்டுத் தொழில் வாழ்க்கையில் எந்தக் குழுவும் தன்னை இப்படி அனுப்பியதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அதோடு, இரண்டு ஆண்டுகள் அவர்களோடு வாசித்ததில் மகிழ்ச்சியே என்றும்.

கோபமாக இருக்கிறது. ஒரு குழு தன் ஒலியை மாற்றிக்கொள்ள விரும்புவதில் தவறில்லை. துக்கத்தில் தடுமாறி நின்ற நேரத்தில் தோள்கொடுத்த மனிதருக்கு ஒரு காரணம் சொல்லி அனுப்பியிருக்கலாம். கோல்ட்ஸ்மித்தின் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். "அந்த அரோராவ நாம நேர்ல கேட்டுட்டோம்ணா, அது போதும்" என்று பதில் எழுதினான். எனக்கு அது போதவில்லை.

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

புதிய டிரம்ஸ் கலைஞர் இலான் ரூபின். இதுவரை நைன் இன்ச் நெய்ல்ஸில் வாசித்தவர். அவர் இங்கே வர, ஃப்ரீஸ் தன் பழைய குழுவான நைன் இன்ச் நெய்ல்ஸுக்கே திரும்புகிறார். இரண்டு குழுக்களும் டிரம்ஸ் கலைஞர்களை மாற்றிக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. ஃப்ரீஸுக்கு நல்ல இடம் கிடைத்ததில் மனம் நிறைவாக இருக்கிறது. அந்தக் குழுவின் இறுக்கமான, இயந்திரத் துல்லியம் வேண்டும் பாடல்கள் அவர் கைக்கு இயல்பாகப் பொருந்துபவை.

ரூபினின் பழைய மேடைப் பதிவுகளை இன்று பிற்பகல் பார்த்தேன். ஃப்ரீஸைவிட இளையவர், கையை உயரத் தூக்கி அடிப்பவர், வேகமான பாடல்களில் அடியைச் சற்றே முன்னே தள்ளுகிறார். 'மங்கி ரெஞ்ச்'சில் நான் தேடிய அந்தப் படபடப்பு ஒருவேளை இவரிடம் திரும்பக் கிடைக்கலாம். அடுத்த முறை அவர்கள் பிரிட்டன் வரும்போது டிக்கெட் எடுப்பதா வேண்டாமா என்று தம்பியும் நானும் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். அவன் எடுப்போம் என்கிறான். ரூபின் 'அரோரா'வின் அந்தக் கடைசி ஏற்றத்தை எப்படிக் கட்டுகிறார் என்பதை ஒரு பதிவிலாவது கேட்ட பிறகு முடிவு செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.