ஆமை வாங்கலாமா? பாலக்காடு கொழிஞ்சாம்பாறை வீட்டு நாட்குறிப்பு

ஜூன் 8, 2024, சனி

பொள்ளாச்சியில் மீன் கடை வாசலை விட்டு பாப்பா நகரவே இல்லை. பிளாஸ்டிக் டப்பாவில் பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக பச்சை ஆமைக்குஞ்சுகள், கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. ரெட் இயர்ட் ஸ்லைடர். நம் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் இதுதான். "தொட்டி எவ்வளவோ அவ்வளவுதானுங்க வளரும்" என்றார் கடைக்காரர். படித்துப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி பாப்பாவை இழுத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அத்தை "ஆமை புகுந்த வீடு உருப்படுமா" என்று ஆரம்பித்துவிட்டார். கடைக் கல்லாப்பெட்டிப் பக்கத்தில் தட்டுத் தண்ணீரில் பித்தளை ஆமை வைத்திருப்பது அவருடைய மகன்தான், அதை இப்போது நான் எதற்குச் சொல்ல வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

கடைக்காரர் சொன்னது சுத்தப் பொய். சின்னத் தொட்டியில் ஆமை அளவோடு நின்றுவிடாது, ஓடு கோணி நோய்தான் வரும். இந்த இனத்தில் பெண் 25 முதல் 30 செ.மீ. வரை போகும், அதாவது சாப்பாட்டுத் தட்டு அளவு. ஆண் கொஞ்சம் சிறியது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 20, 30 வருடம் இருக்கும். பாப்பாவுக்கு இப்போது ஏழு வயது, கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டின் நீளத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்று ஒரு தோராயக் கணக்கு சொல்கிறார்கள். எங்கள் கப்பி மீன் தொட்டி இரண்டடிக்கு ஓரடி, முட்ட முட்ட ஊற்றினாலும் 55 லிட்டர்தான். கப்பியையும் ஆமையையும் சேர்த்து விட்டால் மீன் அதற்குப் பலகாரம்.

ஜூன் 12, புதன்

"வாய்க்கால்ல பாலாமை கெடக்குது, புடிச்சுத் தர்றேங்க அம்மணி" என்றார் தோட்டத்து ஆள். மழை பிடித்ததும் நெல் வரப்பில் அது நடந்து போவதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் பாலாமை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, நட்சத்திர ஆமையும் அப்படித்தான். மாட்டினால் மூன்றிலிருந்து ஏழு வருடம் உள்ளே. பாசத்தோடு வளர்த்தேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. வேண்டாங்க, அது பாட்டுக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

கோயமுத்தூரில் ஒரு கடையில் மஸ்க் ஆமை இருந்தது. வளர்ந்தாலும் 10, 13 செ.மீ. தாண்டாது, நடுத்தரத் தொட்டியே போதும், அளவை வைத்துப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமானது கிடையாது. ஆனால் இந்த வகை 2022இல் சைட்டிஸ் (காட்டுயிர் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலுக்குள் வந்துவிட்டது, காகிதம் இல்லாமல் தொடக்கூடாது. கேட்டேன். "அதெல்லாம் யாருங்க கேக்கறாங்க" என்று சிரித்தார். சரி, கிளம்பிவிட்டோம்.

ஜூன் 19, புதன்

இன்றுதான் விஷயம் திரும்பியது. பாலக்காட்டுச் சித்தூரில் தெரிந்த சேச்சி ஒருவர் ஸ்லைடர் வளர்க்கிறார், வீடு மாறுகிறார், ஆற்றில் விட்டுவிடலாமா என்று கேட்டார். விடவே கூடாது. இது அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்து ஆமை. நம் ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். திருச்சூர் காளத்தோடு வாய்க்காலில் 2018இலேயே கண்டுபிடித்திருக்கிறார்கள். வளர்க்க முடியாதவர்களிடமிருந்து இந்த ஆமைகளை வாங்கிக்கொள்ளும் வேலையை பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் செய்துவந்தது. குதிரான் சுரங்கம் தாண்டினால் பீச்சி, இங்கிருந்து பெரிய தூரமில்லை.

போய்ப் பார்த்தேன். கையில் தூக்கினால் முன்னங்கால் நகங்கள் நீள நீளமாக, வாலும் தடித்து நீண்டு. ஆண். ஓடு 16 செ.மீ., கெட்டியாக இருந்தது, விரலால் அழுத்தினாலும் அமுங்கவில்லை. இரண்டு கண்ணும் தெளிவு. குஞ்சு வாங்கினால் ஆணா பெண்ணா, எவ்வளவு வளரும் என்று ஒன்றும் தெரியாது. வளர்ந்ததை எடுத்தால் என்ன வருகிறது என்று தெரிந்தே எடுக்கலாம். புதிதாக ஒன்றைக் கடையில் வாங்கி அந்த வியாபாரத்தை வளர்க்கவும் வேண்டாம். இதையே எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

நாலடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி வந்தாச்சு. முக்கால்வாசி ஊற்றினால் 255 லிட்டர், இவனுக்குச் சரியாக இருக்கும். செங்கல் அடுக்கி மேலே சொரசொரப்பான ஓடு வைத்து மேடை கட்டினார் வீட்டுக்காரர். நாலு தடவை இடம் மாற்றினார், அது வேறு கதை.

வெயில்தான் பிரச்சினை. ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் யூவிபி என்ற புற ஊதாக் கதிர் இருக்காது, அது இல்லாவிட்டால் கால்சியம் உடம்பில் ஒட்டாது, ஓடு மெத்தென்று ஆகிவிடும். மொட்டை மாடியில் வைக்கலாமென்றால் தினமும் மழை. விளக்கு வாங்கப் போனால் நீல எல்இடியை எடுத்துக் கொடுத்து இதுதான் யூவிபி என்கிறார்கள். ஊர்வனவற்றுக்கான யூவிபி குழல் விளக்கு ஆன்லைனில் சொல்லியிருக்கிறேன். அதையும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டுமாம், எரிந்துகொண்டே இருந்தாலும் யூவிபி குறைந்துவிடும்.

தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவணும், வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி இருக்கும் என்று பாப்பாவிடம் சொல்லியாச்சு. கூரியர் வந்ததும் சேச்சி வீட்டுக்குப் போய் எடுத்து வரணும்.