எழுதியவர் என்ற இடத்தில்

தாராவி தொண்ணூறடிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் சந்து ஒன்றில், கோயில் கமிட்டிக்குச் சொந்தமான மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமைகளில் பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் நாடக வகுப்பு கூடுகிறது. அந்த நேரத்தைக் குறித்தது நான் அல்ல. விடியும் முன் தண்ணீர் பிடித்து, இட்லி அவித்து, தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பவர்களை அனுப்பிவிட்டு, பாத்திரங்களைத் தேய்த்து, மறுநாளைக்கான அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்ட பிறகு, மாவாட்டத் தொடங்கும் முன்னர் அந்தப் பெண்களுக்குக் கிடைக்கும் இடைவெளி அது ஒன்றுதான். அரிசி ஊறும் நேரமே எங்கள் வகுப்பின் நேரம்.

வருபவர்கள் பதினொரு பெண்கள். எல்லாருக்கும் பூர்வீகம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். பாதிப்பேர் பிறந்ததே இங்கேதான். நான்கு பேருக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். மூன்று பேர் இந்திப் பள்ளியில் படித்தவர்கள். தமிழைப் பேசுவார்கள், எழுத மாட்டார்கள். மீதி நான்கு பேருக்கு எந்த எழுத்தும் தெரியாது. இவர்களுக்கு நாடகம் எழுதக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னபோது, என்னோடு நாடகம் செய்த நண்பர்களில் சிலர், நடிப்புச் சொல்லிக்கொடுத்தால் போதாதா என்று கேட்டார்கள். போதாது என்றே இன்றும் நினைக்கிறேன். எவரோ எழுதிக்கொடுத்த வசனத்தைப் பேசுவதற்கு மட்டும் ஒருவரை மேடையேற்றினால், அவருடைய குரலைக் கடன் வாங்கிக்கொண்டோமே தவிர அவருக்கு எதையும் கொடுத்துவிடவில்லை.

இது எனக்குத் தொடக்கத்திலேயே தெரிந்திருந்த உண்மை அல்ல. முதல் ஆண்டில் குடிப்பழக்கத்தைப் பற்றி நானே ஒரு நாடகம் எழுதி, வசனங்களை ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். கடைசிக் காட்சியில் மனைவி கணவனைப் பார்த்து, "இனி நான் உனக்கு அடிமையில்லை" என்று சொல்வாள். சந்தில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். எல்லாம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, எங்களில் மூத்தவரான அக்கா என்னிடம் வந்து, "நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். ஆனா அப்படிச் சொல்லிட்டு அவ ராத்திரி எங்க போயி ஒறங்குவா?" என்று கேட்டார். பத்துக்குப் பத்து அறையில் இரண்டு பிள்ளைகளோடும் மாமியாரோடும் வாழ்பவளுக்கு அடுத்த நிமிடம் என்ன ஆகும் என்பதை நான் நினைத்தே பார்க்கவில்லை. அக்காவுக்கு முதலில் தோன்றியதே அதுதான். ஒரு நாடக ஆசிரியருக்கு இருக்க வேண்டிய முதல் தகுதி அவரிடம் இருந்தது, என்னிடம் இருக்கவில்லை.

நான் செய்த தவற்றுக்கு ஒரு மரபும் துணையாக இருந்தது. தமிழ் மேடையில் வாத்தியார் என்ற சொல்லுக்குத் தனி எடை உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போன்ற பெரியவர்கள் பாட்டும் வசனமும் எழுதி, பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்களுக்கு வரிவரியாகப் பாடம் சொல்லி ஒரு தலைமுறையையே உருவாக்கினார்கள். அந்த உழைப்பின் மேல் எனக்குள்ள மதிப்பு குறையாதது. ஆனால் அந்த முறையில் சொல்லைப் படைப்பவர் வாத்தியார் ஒருவரே. மாணவர் அதைத் திருத்தமாகத் திருப்பிச் சொல்பவர். கல்வியே எட்டாதபடி தலைமுறைகளாகத் தள்ளிவைக்கப்பட்டவர்களிடம் இதே முறையைக் கொண்டுபோனால், அவர்கள் வாழ்க்கையில் ஏற்கெனவே உள்ள ஏற்பாட்டைத்தான் மறுபடியும் செய்கிறோம்: ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும்.

எழுத்துத் தெரியாதவர் எப்படி எழுதுவார் என்று கேட்பவர்களிடம் நான் மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டேயைப் பற்றிச் சொல்வதுண்டு. 1920-இல் தலித் சாதியான மாங் சாதியில் பிறந்து, பள்ளியில் ஒன்றரை நாள் மட்டுமே இருந்து, மும்பைக்கு வந்து ஆலைத் தொழிலாளியாக வாழ்ந்தவர் அவர். தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப் என்ற தொழிலாளர் குடியிருப்பில் அவர் முதலில் கட்டிய பாட்டு, அங்கிருந்த கொசுத் தொல்லையைப் பற்றியது. பிறகு 1944-இல் தோழர்களோடு சேர்ந்து லால் பாவ்டா கலாபதக் (செங்கொடிக் கலைக்குழு) என்ற குழுவைத் தொடங்கி, மராத்தி நாட்டார் கூத்தான தமாஷா வடிவத்தை உழைப்பவர்களின் நாடகமாக மாற்றினார். எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது அவர்களைத் தொட்டது அவருடைய புகழ் அல்ல, கொசு. கொசுவைப் பற்றிப் பாட்டுக் கட்டலாமென்றால் தண்ணீர்க் குழாயைப் பற்றி நாடகம் கட்டலாமா என்று உடனே கேட்டார்கள்.

உண்மையில் அவர்களுக்குக் கட்டத் தெரியும். எங்கள் வகுப்பில் இருப்பவர்களில் இரண்டு பேர் ஒப்பாரி வைப்பதில் பேர் பெற்றவர்கள். இறந்தவர் யார், அவர் பட்ட கடன் என்ன, எந்த மகன் கடைசி நேரத்தில் வரவில்லை என்பதையெல்லாம் அந்த இடத்திலேயே சொல்லாக்கி, கேட்பவர்களில் யாருக்கு எந்த வரி உறைக்க வேண்டுமோ அவர் பக்கம் முகத்தைத் திருப்பி அந்த வரியைப் பாடுவார்கள். யாரைப் பார்த்து எதை எப்போது சொல்வது என்ற இந்த அறிவைத்தான் நான் நாடகப் பட்டறைகளில் பல ஆண்டுகள் செலவழித்துக் கற்றுக்கொண்டேன். கோயில் கொடைகளில் கேட்ட வில்லுப்பாட்டும் அவர்கள் காதில் இருக்கிறது. முதன்மைப் பாடகர் ஒரு வரியைச் சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவதில், கதை எங்கே நிற்க வேண்டும் என்ற கணக்கு இருக்கிறதல்லவா? எங்கள் வகுப்பில் ஒருவர் காட்சியைச் சொல்லும்போது இப்போதும் மற்றவர்கள் ஆமா போடுகிறார்கள். ஆமா வரத் தாமதமானால் அந்த இடத்தில் வசனம் பொய்யாக இருக்கிறது என்று பொருள். இதைவிடத் துல்லியமான திருத்தக் குறியை நான் எந்த ஆசிரியரிடமும் பார்த்ததில்லை.

பயிற்சி எளியது. நேற்று உங்கள் வீட்டில் யாராவது யாரிடமாவது ஒன்றைக் கேட்டு, அது கிடைக்காமல் போனதா? அதைச் சொல்லுங்கள், ஆனால் வாயிலிருந்து வந்த சொற்களை மட்டும் சொல்லுங்கள். அவள் வருத்தப்பட்டாள், அவன் கோபப்பட்டான் என்பதற்கெல்லாம் இங்கே இடமில்லை. அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து, வார நாட்களில் நான் அப்படியே எழுதி, அடுத்த ஞாயிறு வாசித்துக் காட்டுவேன். தொடக்கத்தில் என்னையும் அறியாமல் "கோலி" என்று அவர்கள் சொன்னதை "அறை" என்றும், "பத்ரா" என்பதைத் "தகரம்" என்றும் மாற்றிவிட்டேன். வாசித்தபோது ஒருவரும் எதிர்ப்புச் சொல்லவில்லை, ஆமாவும் வரவில்லை. அவர்களுடைய தமிழைத் திருத்துவது என் வேலை இல்லை என்பதை அந்த மௌனத்திலிருந்து கற்றுக்கொண்டேன். வீட்டில் அம்மா தமிழில் கேட்க, மகள் இந்தியில் பதில் சொல்கிறாள் என்றால், நாடகத்திலும் மகள் இந்தியில்தான் பேச வேண்டும்.

அப்படிப் பிறந்த காட்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். 2024 மார்ச்சில் தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு தொடங்கி, வீடு வீடாக எண் இட்டுக்கொண்டு வந்தார்கள். தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதைக் காட்ட முடிந்தவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு; மாடியில் இருப்பவர்களுக்கு வெளியேதான் என்பது ஏற்பாடு. எங்கள் வகுப்பில் ஒரு பெண் கீழே இருக்கிறார். அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் அதே வீட்டின் மேலே இரும்பு ஏணி வைத்த மாடியில் இருக்கிறார்கள். அவர் சொன்ன காட்சி இது. தம்பி மனைவி ஏணியில் பாதி இறங்கி நின்றுகொண்டு, எண் இட வருகிறவர்களிடம் நாமெல்லாம் ஒரே அடுப்பு, ஒரே குடும்பம் என்று சொல்லிவிடுங்களேன் என்று கேட்கிறாள். கீழே இருப்பவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதில் இல்லை. மறுபடியும் கேட்கிறாள். கீழே இருப்பவள் ஒரு கல்லை எடுத்து வாசல் பக்கம் போட்டுவிட்டு, "இந்தத் தடவ அரிசில கல்லு ரொம்பக் கெடக்கு" என்கிறாள். அவ்வளவுதான் காட்சி. மேலே இருப்பவள் ஏறிப் போய்விடுகிறாள்.

அன்று அறையில் ஆமா வரவில்லை. வேறு விதமான அமைதி வந்தது. மூத்த அக்கா மட்டும், "வேற என்ன சொல்லுவா" என்றார். மனத்தில் இருப்பதைச் சொல்லாமல் வேறொன்றைப் பேசுவதே வசனத்தின் உயிர் என்று நான் பல வகுப்புகளில் விளக்க முயன்றிருக்கிறேன். அந்தப் பெண் அதைப் பற்றி எதுவும் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் காட்சியைச் சந்தில் போட்டபோது, பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகுஸ்தோ போவால் வகுத்த முறைப்படி நடுவே நிறுத்தி, பார்ப்பவர்களில் யாராவது வந்து வேறு விதமாகச் செய்து காட்டலாம் என்று அழைத்தோம். 1970-களில் பெரு நாட்டில் எழுத்தறிவுத் திட்டத்தோடு சேர்ந்து வேலை செய்தபோது, ஒடுக்கப்பட்டவர்கள் தங்கள் சிக்கலைத் தாங்களே மேடையில் மாற்றிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தைப் போவால் வளர்த்தெடுத்தார். எங்கள் சந்தில் மூன்று பேர் வந்தார்கள். மூவருமே கீழே இருப்பவளின் இடத்தில் உட்கார்ந்தார்கள். மூவராலும் சரி என்று சொல்ல முடியவில்லை. ஒருவர் முறத்தைக் கையில் வாங்கியதுமே கல் பொறுக்கத் தொடங்கிவிட்டார்.

இடையில் ஓர் அறக்கட்டளை எங்களுக்குப் பணம் தர முன்வந்தது. முடிவு நம்பிக்கை ஊட்டுவதாக இருக்க வேண்டும், இரு பெண்களும் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. முடிவெடுக்க வேண்டியவள் நான் இல்லை என்பதால் வகுப்பில் வைத்தேன். வாங்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஒலிபெருக்கி வாடகைக்கே நாங்கள் கைக்காசு போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டு வாரம் பேசி, வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

மகாராஷ்டிரத்தில் பொது அரங்கில் நாடகம் போட வேண்டுமானால் கையெழுத்துப் படியை மாநிலத்தின் தணிக்கைக் குழுவிடம் கொடுத்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். மாட்டுங்காவில் ஓர் அரங்கு கிடைக்கும் போலிருந்ததால், ஆறு காட்சிகளையும் சேர்த்துச் சுத்தமான படி எடுத்தேன். முதல் பக்கத்தில் "எழுதியவர்" என்று போட்டு, பதினொரு பெயரையும் எழுதப் போவதாகப் பெருமிதத்தோடு அறிவித்தேன். அப்போது ஏணிக் காட்சியைச் சொன்னவர், "எம் பேரு வேண்டாம் டீச்சர். அவ மாடியிலதான இருக்கா" என்றார்.

பெயர் போடுவது மரியாதை என்று மட்டுமே நான் நினைத்திருந்தேன். பெயர் இல்லாமல் இருந்ததுதான் அவருக்கு அதுவரை காவலாக இருந்தது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாட்சி சொல்பவர்களிடம் நாம் காட்டும் எச்சரிக்கையை, தன் கதையை எழுதித்தருபவர்களிடமும் காட்ட வேண்டும். எந்தக் காட்சியையும், அதைச் சொன்னவர் கேட்டால் அந்தக் கணமே கிழித்துவிடுவது என்று அடுத்த வாரமே வகுப்பில் ஏற்பாடு செய்துகொண்டோம்.

கிழிக்கச் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ, நான்கு வாரம் கழித்து, தம்பி மனைவியையே கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். இருவருக்கும் வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று நான் கேட்கவில்லை. காட்சியை வாசித்தேன். புதிதாக வந்தவர் கடைசிவரை கேட்டுவிட்டு, "நான் ரெண்டு தடவ கேக்கல. ஒரு தடவதான் கேட்டேன்" என்றார். பிறகு, ஏணியில் ஏறிப் போன பின் மேலே தகரத்தின் அடியில் உட்கார்ந்து, தான் மகனிடம் என்ன சொன்னார் என்பதைச் சொன்னார். நான்கு வரிதான். நான்கு வரிக்கும் ஆமா வந்தது.

இப்போது படியில் அந்தக் காட்சி கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டாக இருக்கிறது. முதல் பக்கத்தில் பத்துப் பெயர்களை எழுதி, இரண்டு பெயர்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.