பத்து நாள் கடை அலமாரியில்

பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பழைய பாயிண்ட் 22 ரைஃபிளை எனக்கு விற்க ஒப்புக்கொண்டதும், பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்து வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அரிசோனாவில் இருக்கும் என் நண்பன் அப்படித்தான் வாங்கினான். அங்கே ஒரே மாநிலத்துக்காரர்கள் இருவர் எந்தப் படிவமும் இல்லாமல் கைமாற்றிக்கொள்ளலாம், வேறு மாநிலத்துக்காரருக்கு விற்றால்தான் 1968ஆம் வருடச் சட்டப்படி லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்காரர் நடுவே வர வேண்டும். நான் இருக்கும் கலிஃபோர்னியாவிலோ 1991 முதல் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கினாலும் கடை வழியாகத்தான்.

(ஹெச்-1பி விசாக்காரர்கள் அவசரப்பட வேண்டாம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் தவிர உங்களுக்கு அனுமதி கிடையாது. நானும் கிரீன் கார்டு வந்த பிறகுதான் இதில் இறங்கினேன்.)

சரி, ஒரு சனிக்கிழமை இருவரும் கடைக்குப் போனோம். 25 டாலர் கட்டி, துப்பாக்கிப் பாதுகாப்பு பற்றிய 30 கேள்வித் தேர்வு எழுதினேன், 23 சரியாக இருந்தால் பாஸ். அப்புறம் கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் 4473 படிவம். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்: என் டிரைவிங் லைசென்ஸில் பழைய வீட்டு முகவரி. ஓடிப்போய்ப் புது முகவரி போட்ட கார் ரிஜிஸ்ட்ரேஷனைக் கொண்டு வரும்வரை பெரியவர் கடைக்காரரோடு பேஸ்பால் பேசிக்கொண்டிருந்தார். கட்டணம் மாநிலத்துக்கு 37.19 டாலர், கடைக்காரருக்கு 10 டாலர், அதற்கு மேல் அவர் வாங்கக் கூடாது. இத்தனை வேலைக்கும் பத்தே டாலர் என்றால் கடைக்காரர் முகம் சுருங்கியிருந்ததில் ஆச்சரியம் இல்லை.

பணத்தை அன்றே கொடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, "பொறுங்கள், பின்னணிச் சோதனையில் உங்களுக்கு மறுப்பு வந்தால்?" என்றார் கடைக்காரர். மறுப்பு வந்தால் துப்பாக்கி பெரியவருக்கே திரும்பும், ஆனால் அதற்குள் அது கடைக் கணக்கில் ஏறிவிட்டதால், தன் சொந்தத் துப்பாக்கியைத் திரும்ப வாங்க அவரும் 4473 நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேற வேண்டுமாம். 40 வருடம் அவர் வீட்டில் இருந்த பொருள்! பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார், எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

துப்பாக்கி கைக்கு வர இங்கே பத்து நாள் காத்திருக்க வேண்டும், அதுவும் பத்து முழு 24 மணி நேரம் கணக்கு. நாங்கள் படிவம் அனுப்பியது மாலை 4:20க்கு. பத்தாவது நாளான செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கே போய் நின்றேன். கடைக்காரர் கடிகாரத்தைக் காட்டிவிட்டு, காபி குடிக்கிறீர்களா என்று கேட்டார்.