உப்புநீரில் மிதந்த நைலான்

செங்கோட்டையில் அலமாரியும் நாற்காலியும் செய்யும் ஒரு பட்டறையில் கொள்முதல் வேலை பார்த்து வந்தேன். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் என்பதாலோ என்னவோ, எங்கள் சரக்கில் பெரும்பகுதி ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிப் புனலூர், கொட்டாரக்கரை வீடுகளுக்கே போகும்.

ஓர் ஆண்டு சித்திரையில், புனலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு நகரும் கதவு வைத்த அலமாரிகள் ஆறு அனுப்பினோம். கதவின் அடியில் அலுமினியப் பள்ளத்துக்குள் ஓடும் வழிகாட்டித் துண்டுகளை நான்தான் நைலானில் வாங்கியிருந்தேன். எளிதில் தேயாது, எண்ணெய் கேட்காது, விலையும் கட்டுப்படியானது. ஆடி பிறக்கும் முன்பே, கதவு அசையவில்லை என்று அழைப்பு வந்தது. மரம் ஊதியிருக்கும் என்று இழைப்புளியோடு போன மூத்த ஆசாரி, சட்டத்தில் குறை எதுவும் காணாமல், அந்தத் துண்டை மட்டும் கழற்றிக்கொண்டு திரும்பினார். "மரந்தான் தண்ணி குடிக்கும்னு நெனச்சேன் தம்பி, இதுவும் குடிச்சிருக்கு" என்றார். வெர்னியர் அளவுகோலில் வைத்துப் பார்த்தால், 12 மி.மீ. இருக்க வேண்டிய தடிமன் 12.15 காட்டியது. பள்ளத்தில் நாங்கள் விட்டிருந்த இடைவெளி அந்தக் கூடுதல் 0.15-ஐவிடக் குறைவு.

நைலான் 6 என்னும் வகை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மிதமான ஈரப்பதத்தில் தன் எடையில் ஏறக்குறைய 3 விழுக்காடும், தண்ணீரிலேயே கிடந்தால் 9 விழுக்காட்டுக்கு மேலும் ஏற்கும் என்பதைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். கடைக்காரர்கள் டெல்ரின் என்று சொல்லும் அசெட்டால் என்னும் பிளாஸ்டிக், நீரில் ஊறினாலும் 1 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும், வழுக்கலும் நன்று. விலை கூடுதலாக இருந்தாலும் வழிகாட்டிகளை அதற்கு மாற்றினோம். ஆனால் வெயிலில் அதன் மேற்பரப்பு வெளுத்துப் பொடியும் என்பதால், முற்றத்தில் போடும் சாமான்களுக்கு அதைத் தொடவில்லை.

மாற்றிய பிறகுதான் அடுத்த தொல்லை. இரண்டும் வெள்ளைத் துண்டுகள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, ஒரு முறை இரண்டும் கலந்தே வந்தன. வாளித் தண்ணீரில் போட்டால் இரண்டுமே மூழ்கும். கல்லுப்பை இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீரில் போட்டபோது, நைலான் மிதந்தது, அசெட்டால் அடிக்குப் போனது. முன்னதன் அடர்த்தி 1.14, பின்னது 1.41, அந்த உப்புநீரோ 1.2. அன்று முதல் ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து இப்படிப் பார்த்தோம். கண்ணாடி இழை கலந்த நைலானும் மூழ்கும் என்பதால், ஐயம் வந்தால் வெளியே கொண்டுபோய் ஒரு முனையைக் கொளுத்துவோம்: முடி கருகும் நெடி என்றால் நைலான், மூக்கை எரிக்கும் பார்மலின் நெடி என்றால் அசெட்டால்.

இதற்காக நைலானை நான் ஒதுக்கிவிடவில்லை. சுழல் நாற்காலியின் ஐந்து கால் அடிப்பாகத்துக்கு, 30 விழுக்காடு கண்ணாடி இழை சேர்த்த நைலானையே தொடர்ந்து வாங்கினேன். வார்ப்பு அச்சிலிருந்து வந்த சூட்டோடு காய்ந்திருக்கும் நைலான் சற்று நொறுங்கும் தன்மையுடையது. கதவை இறுக்கிய அதே ஈரம் உள்ளே போனால்தான் அதற்கு அடிதாங்கும் பதம் வருகிறது. பாலிப்புரொப்பிலீன் பிளாஸ்டிக் மலிவுதான், ஆனால் நிலையான பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும் என்பதால், அடிப்பாகத்துக்கு அதைச் சிபாரிசு செய்தவர்களுக்கு நான் இணங்கவில்லை. கால்களின் அடியில் மாட்டும் மென்மையான பிவிசி புஷ்களையும் நிறுத்தினேன். அதிலுள்ள நெகிழ்வு எண்ணெய் கசிந்து, அடுக்கி வைத்த பலகைகளின் வார்னிஷில் வட்டம் வட்டமாய்க் கறை பிடித்திருந்தது.

மீந்துபோன நைலான் வழிகாட்டிகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. பள்ளத்தை அரை மில்லிமீட்டர் அகலமாக்கி, மழை குறைந்த சங்கரன்கோவில் பக்கம் போகும் அலமாரிகளில் அவற்றைப் பொருத்தித் தீர்த்தோம்.